உள்ளங்காலை யார் பார்ப்பது?

புதிதாகப் படிக்கிறவர்களுக்காகக் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். கேட்டவர் இருபத்தாறு வயதுத் தம்பி. சொந்த ஊர் செய்யாறு பக்கம், படித்தது வேலூரில், இப்போது காட்பாடியில் ஒரு மாடி ரூமில் தனியாக இருந்துகொண்டு அங்கிருந்தே கம்ப்யூட்டர் வேலை. ராத்திரி இரண்டு மணிக்குத் தூக்கம் வராமல் சாலிப்சிசம் பற்றிப் படித்திருக்கிறார். 'நான் ஒருவன்தான் உண்மையில் இருக்கிறேன், மற்றவர்கள் எல்லாம் என் மனதுக்குள் ஓடும் படம்' என்கிற வாதம் அது. அதை யாரும் முழுசாக உடைக்கவில்லை என்று தெரிந்த நாளிலிருந்து, மெஸ்ஸில் சாதம் போடுகிற அம்மா 'இன்னாப்பா இளைச்சுட்ட, சாப்பிடறியா இல்லியா' என்று தினமும் கேட்பதுகூட யாரோ எழுதிக் கொடுத்த வசனம் மாதிரி காதில் விழுகிறதாம். 'இதைப் பொய் என்று நிரூபிக்க முடியுமா, முடியாதென்றால் இதை வைத்துக்கொண்டு எப்படி வாழ்வது' என்று கேட்டிருக்கிறார்.

நிரூபிக்க முடியாது தம்பி. இந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறவர்களில் பாதிப் பேர் 'கன்னத்தில் ஒன்று விட்டால் தெரியும், எதிராளி இருக்கிறானா இல்லையா என்று' என்கிற ரகம். விட்டால் எனக்கு வலிக்கும், சரி, அதை வைத்து அறைந்தவனுக்குள் ஒரு மனது இருக்கிறது என்று எப்படி முடிவு கட்டுவது? கனவிலும்தான் அடி வாங்குகிறோம்.

நான் தத்துவப் பேராசிரியர் இல்லை. முப்பது வருடம் தொழுநோயாளிகளுக்கு பிசியோதெரபி செய்து ரிட்டயர் ஆனவன். எம்.ஏ. தத்துவம் அஞ்சல் வழியில், பெரும்பாலும் பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் படித்தது. அந்தப் படிப்புக்கும் என் வேலைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்றுதான் ரொம்ப வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதலில் புத்தகத்தில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பாவில் இந்தச் சிக்கலை இன்றைய வடிவத்தில் கிளப்பிவிட்டவர் ரெனே டெக்கார்ட் என்ற பிரெஞ்சுத் தத்துவவாதி, 1641இல். சந்தேகப்பட முடிந்த எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டே போனார், சந்தேகப்படுகிற 'நான்' மட்டும் மிஞ்சியது. அங்கிருந்து வெளி உலகத்துக்குத் திரும்பி வர அவருக்குக் கடவுளின் உத்தரவாதம் தேவைப்பட்டது. பின்னால் வந்தவர்களில் பலர் அவர் உள்ளே போன வழியை ஏற்றுக்கொண்டார்கள், வெளியே வந்த வழியை ஏற்கவில்லை. அந்த இடைவெளியில்தான் நீங்கள் ராத்திரி இரண்டு மணிக்கு உட்கார்ந்திருக்கிறீர்கள்.

ஆனால் இது வெள்ளைக்காரர்களின் தனிச் சொத்து இல்லை. ஏழாம் நூற்றாண்டில் தர்மகீர்த்தி என்ற பௌத்த தர்க்க அறிஞர் இதற்கென்றே தனியாக ஒரு நூல் எழுதினார். காண்பதெல்லாம் சித்தமே, அதாவது மனமே, வெளிப்பொருள் என்று ஒன்று கிடையாது என்பது அவர் அங்கே எடுத்துக்கொண்ட கட்சி, யோகாசாரம் என்ற பௌத்தப் பிரிவின் கொள்கை. அப்படியானால் பக்கத்து மனதுக்கு என்ன அத்தாட்சி என்று எதிராளிகள் மடக்குவார்கள் இல்லையா, அதற்குத்தான் அந்த நூல். அவர் வாதம் எளிமையானது. பேச வேண்டும் என்று எனக்குள் ஓர் எண்ணம் எழுகிறது, பிறகு பேச்சு வருகிறது. இப்போது என் எண்ணம் எதுவும் முன்னால் போகாமலேயே ஒரு பேச்சு கேட்கிறது. அப்படியென்றால் அதற்குப் பின்னால் வேறொரு எண்ணம் இருந்தாக வேண்டும். சரி, முடிந்ததா என்றால் இல்லை. பதினோராம் நூற்றாண்டில் அதே பௌத்தத்திலிருந்து ரத்னகீர்த்தி என்பவர் வந்து, இறுதி உண்மை என்ற அளவில் பார்த்தால் இன்னொரு சித்தம் தேறாது என்று மறுப்பு எழுதினார். ஒரே வீட்டுக்குள் சண்டை! நம் பக்கம் 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார், சிவஞான சித்தியார் என்ற சைவ சித்தாந்த நூலின் பரபக்கத்தில் வரிசையாக எடுத்து மறுக்கும் கட்சிகளில் இந்த யோகாசாரமும் ஒன்று. எதற்குச் சொல்கிறேன் என்றால், உங்களுக்கு வந்திருப்பது புது வியாதி இல்லை. குறைந்தது 1,300 வருடமாக, உங்களையும் என்னையும்விடக் கூர்மையான ஆட்கள் இதோடு மல்லுக்கட்டியிருக்கிறார்கள்.

பெர்ட்ரண்ட் ரஸல் என்ற ஆங்கிலேயத் தத்துவவாதி 1948இல் வந்த புத்தகத்தில் ஒரு சம்பவம் சொல்கிறார். கிறிஸ்டின் லாட்-ஃபிராங்க்ளின் என்ற பெரிய தர்க்க அறிஞரிடமிருந்து அவருக்கு ஒரு கடிதம் வந்ததாம். தான் ஒரு சாலிப்சிஸ்ட் என்றும், தன்னைப்போல வேறு யாரும் இல்லாதது ஆச்சரியமாக இருக்கிறது என்றும் அந்த அம்மா எழுதியிருந்தாராம். படிக்கிற எல்லாரும் சிரிப்பார்கள். நானும் பஸ்ஸில் சிரித்தேன், பக்கத்து சீட்டுக்காரர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஆனால் நீங்களும் அதைத்தான் செய்திருக்கிறீர்கள் தம்பி. யாருமே இல்லை என்கிற சந்தேகத்தை முகம் தெரியாத நாலு பேரிடம் கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறீர்கள். குறுந்தொகை 6ஆம் பாட்டில் பதுமனார் பாடிய பெண் இருக்கிறாளே, நள்ளிரவு, பேச்சொலி எல்லாம் அடங்கிவிட்டது, அகன்ற உலகமே தூங்குகிறது, 'ஓர்யான் மன்ற துஞ்சா தேனே', நான் ஒருத்திதான் தூங்கவில்லை என்கிறாள். பாட்டைப் படிக்கிறவர்கள் அந்த 'ஓர்யான்' என்ற சொல்லோடு நின்றுவிடுகிறோம். அவள் அதை யாரிடம் சொல்கிறாள் என்று பார்க்க வேண்டும். தோழியிடம் சொல்கிறாள். தூங்காதவள் தான் ஒருத்திதான் என்பதைக் கேட்க இன்னொருத்தி வேண்டியிருக்கிறது.

இதெல்லாம் நிரூபணம் ஆகாது என்று நீங்கள் சொல்வீர்கள், சரிதான். தாகம் எடுக்கிறது என்பதற்காகச் செம்பில் தண்ணீர் இருக்கிறது என்று ஆகிவிடாது. மனிதர்களுக்காக ஏங்குகிறேன், அதனால் மனிதர்கள் உண்டு என்று யாராவது உங்களிடம் வாதம் செய்தால் நம்பாதீர்கள்.

இனி என் வேலைக்கு வருகிறேன், எனக்கு உண்மையில் சொல்ல இருப்பது அங்கேதான்.

காட்பாடியிலிருந்து கொஞ்ச தூரத்தில் கரிகிரி இருக்கிறது, நீங்கள் பெயர் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1955இல் தொழுநோய்க்காகத் தொடங்கிய மையம். அதற்கு முன்னால் 1946இல் பால் பிராண்ட் என்ற டாக்டர் வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வந்தார். அப்போது வட ஆற்காடு மாவட்டத்தில் தொழுநோய் மிக அதிகம். வியாதியே சதையைத் தின்று விரல்களை அழுகி விழச் செய்கிறது என்றுதான் எல்லாரும், டாக்டர்கள் உட்பட, நம்பியிருந்தார்கள். பிராண்டும் அவரோடு இருந்தவர்களும் பார்த்துப் பார்த்துக் கண்டுபிடித்தது வேறு. கிருமி நரம்பைக் கெடுக்கிறது, உணர்ச்சி போகிறது, வலி தெரிவதில்லை. மற்றதையெல்லாம் நோயாளியே தெரியாமல் செய்துகொள்கிறார்: அடுப்பிலிருந்து சூடான பாத்திரத்தை வெறுங்கையால் இறக்குவார், செருப்புக்குள் ஆணி குத்திக்கொண்டிருக்க அதே காலோடு மைல் கணக்கில் நடப்பார். சிலருக்கு ராத்திரி படுக்கும்போது இருந்த விரல் நுனி காலையில் இல்லை, என்ன மர்மம் என்று ஆள் வைத்துப் பார்த்தால் எலி. தூங்குகிறவருக்குக் கடிப்பது தெரியவில்லை. ஆளுக்கொரு பூனை கொடுத்து அனுப்பினார்கள், மருந்துச் சீட்டில் பூனை! இன்று சர்க்கரைக்காரர்கள் எல்லாரும் வாங்கிப் போடுகிற எம்.சி.ஆர். என்ற மெத்தென்ற ரப்பர் செருப்புகூட உணர்ச்சியில்லாத இந்தக் கால்களுக்காக வந்ததுதான்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் குடியாத்தம் பக்கத்துப் பெரியவர் ஒருவர் தன் வலது கையை இடது கையால் தூக்கி மேஜைமேல் வைத்துவிட்டுச் சொன்னார்: "இது என் கை மாதிரியே இல்ல சார், சும்மா தொங்கினு கீது." கை அவருடையதுதான், விரல்கள் மடங்கியிருந்தாலும் அசையும். ஆனால் அதில் வலி இல்லாததால் அவர் கணக்கில் அது அவருக்கு வெளியே போய்விட்டது, மேஜை மாதிரி, சொம்பு மாதிரி. வலி எதுவரை தெரிகிறதோ அதுவரைதான் 'நான்' என்பது அன்றைக்கு எனக்கு உறைத்தது.

சாயங்காலம் வார்டு வராந்தாவில் ஒரு வேலை நடக்கும். எல்லாரும் காலைத் தண்ணீரில் ஊறவைத்து, தடித்த தோலைத் தேய்த்து எடுத்து, எண்ணெய் தடவி, உள்ளங்காலில் புதுக்காயம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தினமும். வலி சொல்ல வேண்டியதைக் கண் சொல்லியாக வேண்டும். ஆனால் முட்டி மடங்காதவர், கண் மங்கினவர் தன் உள்ளங்காலை எப்படிப் பார்ப்பார்? கண்ணாடி கொடுத்தோம். கண்ணாடியைவிட எதிரே உட்கார்ந்திருந்த ஆள் நன்றாகப் பார்த்தார். நம் குடியாத்தம் பெரியவருக்கும் வந்தவாசிக்காரர் ஒருவருக்கும் பகலெல்லாம் ரேடியோ சத்தத்துக்காகச் சண்டை, பேச்சுவார்த்தை கிடையாது. ஆறு மணியானால் ஒருவர் காலை இன்னொருவர் மடியில் தூக்கி வைத்துக்கொள்வார்கள். ஒருநாள் வந்தவாசிக்காரர், "யோவ், இங்க வேலிகாத்தான் முள்ளு ஒண்ணு கீது, நாலு நாளு இருக்கும் போல" என்றார். குடியாத்தத்துக்காரர் எட்டிப் பார்க்கக்கூட முயலவில்லை. "எடு" என்றார்.

சாலிப்சிசம் எதிலிருந்து புறப்படுகிறது என்று யோசியுங்கள். 'என் வலி எனக்கு நேராகத் தெரியும், உன் வலி எனக்கு ஊகம்தான்' என்பதிலிருந்து. அந்த வராந்தாவில் இது தலைகீழாகிவிட்டது. தன் காலில் என்ன நடக்கிறது என்பதே அவருக்கு ஊகம், எதிரே இருந்தவருக்குத்தான் நேராகத் தெரிந்தது. சரி, அது வியாதி வந்தவர் கதை என்பீர்கள். கொஞ்சம் குறைந்த அளவில் அது எல்லாருடைய கதையும்தான். உங்கள் முதுகை, தூக்கத்தில் உங்கள் முகத்தை, கோபம் வரும்போது மாறுகிற உங்கள் குரலை நீங்கள் பார்த்ததில்லை, கேட்டதில்லை. அதைப் பற்றியெல்லாம் உங்களுக்குத் தெரிந்தது மற்றவர் சொல்லித்தான். 'வலி' என்ற சொல்லே அப்படி வந்ததுதானே. விழுந்து அழுத குழந்தையைத் தூக்கி 'வலிக்குதா கண்ணு' என்று யாரோ கேட்டதில்தான் உள்ளே இருந்த அந்த ஏதோ ஒன்றுக்குப் பெயர் கிடைத்தது. விட்கென்ஸ்டைன் என்ற தத்துவவாதி, 1953இல், அவர் இறந்த பிறகு வெளிவந்த புத்தகத்தில் இதைப் பல கோணத்தில் போட்டுக் குடைகிறார். எல்லாரிடமும் ஒரு பெட்டி, உள்ளே 'வண்டு' இருப்பதாக எல்லாரும் சொல்கிறார்கள், ஆனால் அடுத்தவர் பெட்டியை யாரும் திறந்து பார்க்க முடியாது. அப்படியானால் 'வண்டு' என்ற சொல் எல்லாரிடமும் புழங்குவது உள்ளே இருக்கும் பொருளால் இல்லை, வெளியே நாம் அதைச் சேர்ந்து பயன்படுத்துவதால் என்கிறார். 'நான் மட்டுமே' என்று சொல்லிக்கொள்வதற்கான பாஷைகூடப் பலபேர் சேர்ந்து தந்தது என்பது இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது.

விடாப்பிடியான சாலிப்சிஸ்ட் இதற்கும் மசிய மாட்டான். அந்த வந்தவாசிக்காரரும் என் மனதின் படம்தான் என்பான். சொல்லட்டும். ஆனால் அவனிடம் ஒன்று கேட்க வேண்டும்: உனக்குத் தெரியாததைத் தெரிந்து வைத்திருக்கிற, உன் பேச்சைக் கேட்காத, உன்னோடு ரேடியோவுக்குச் சண்டை போடுகிற, உன்னைத் திடுக்கிட வைக்கிற ஒரு பகுதி உன் மனதுக்குள்ளேயே இருக்கிறது என்கிறாய். அதற்கும் 'இன்னொருவர்' என்பதற்கும் என்ன வித்தியாசம்? பெயர் மட்டும்தானே? ஸ்டான்லி கவெல் என்ற அமெரிக்கத் தத்துவவாதி இன்னும் ஒரு படி போகிறார். அடுத்தவர் வலியை நாம் அறிந்தோமா என்பது வெறும் தகவல் பிரச்சினை அல்ல, அதை ஏற்றுக்கொண்டு ஏதாவது செய்தோமா என்பதில்தான் அந்த அறிவே இருக்கிறது என்பது அவர் வாதம். முள்ளைப் பார்த்தவர் எடுத்தாரா இல்லையா, அந்த மாதிரி.

இப்போது தனிமை. உங்கள் கேள்வியில் பாதிக்கு மேல் அதுதான் என்று நான் நினைக்கிறேன், நீங்கள் அந்தச் சொல்லை ஓரிடத்தில்கூட எழுதவில்லை என்றாலும். சிகாகோ பல்கலைக்கழகத்தில் இதையே பல வருடம் ஆராய்ந்த ஜான் காசியோப்போ, தனிமை உணர்ச்சி என்பது பசி, தாகம், வலி மாதிரி உடம்பு தரும் எச்சரிக்கை என்றார். 2020இல் வந்த ஒரு ஆய்வில் நாற்பது பேரை ஒருநாள் பத்து மணி நேரம் ஆள் முகம் பார்க்காமல் தனியாக வைத்தார்கள், இன்னொரு நாள் பத்து மணி நேரம் பட்டினி போட்டார்கள். பிறகு மூளையை ஸ்கேன் எடுத்தால், பட்டினி கிடந்தவருக்குச் சாப்பாட்டுப் படம் காட்டும்போது நடுமூளையில் தூண்டப்படும் அதே பகுதி, தனியாக இருந்தவருக்கு நாலு பேர் சேர்ந்திருக்கும் படத்தைக் காட்டும்போது தூண்டப்பட்டது. உலக சுகாதார நிறுவனம் 2025இல் ஆறு பேரில் ஒருவருக்கு இந்தப் பசி இருப்பதாகச் சொன்னது. அதாவது உங்களுக்கு ஏதோ கெட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தமில்லை, மணி சரியாகத்தான் அடிக்கிறது.

சிக்கல் எங்கே என்றால், காசியோப்போ சொன்ன இன்னொரு விஷயம்: ரொம்ப நாள் தனிமையில் இருக்கிறவர் மூளை மற்றவர்களைச் சந்தேகத்தோடு பார்க்கத் தொடங்கும். சாதாரணமாகக் கேட்ட கேள்விக்குப் பின்னால் வேறு ஏதோ இருப்பதாகப் படும். விலகுவார், விலகினதால் இன்னும் தனிமை. இது எனக்குப் புதிதில்லை. அமெரிக்காவுக்குப் போன பிறகு பிராண்ட் தொழுநோயாளிகளுக்குச் செயற்கை வலி செய்து தரப் பார்த்தார். கையுறைக்குள் சென்சார், அழுத்தம் அதிகமானால் காதில் சத்தம், விளக்கு. நோயாளிகள் கண்டுகொள்ளவே இல்லை. சரி என்று சத்தத்துக்குப் பதில் அக்குளில் லேசான ஷாக் வைத்தார்கள். அப்போது என்ன செய்தார்கள் தெரியுமா, வேலையை முடிக்கும்வரை ஸ்விட்ச்சை அணைத்துவிட்டார்கள். நல்ல புத்திசாலிகள்தான். வலிக்கு ஸ்விட்ச் நம் கையில் இருந்தால் யாராக இருந்தாலும் அணைப்போம்.

ராத்திரி நீங்கள் செல்லைத் தள்ளிக்கொண்டே இருக்கிறீர்களே, அது அந்த ஸ்விட்ச். இப்போது பதில் பேசுகிற கம்ப்யூட்டரும் வந்துவிட்டது, கேட்டதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொல்லும், ரேடியோவுக்குச் சண்டை போடாது. நான் அதைத் தப்பென்று சொல்ல வரவில்லை, என் பேரன் எனக்கும் போட்டுக் கொடுத்திருக்கிறான். ஆனால் அணைத்து அணைத்து அந்த வலி மரத்துவிட்டால், மெஸ் அம்மா பேசுவது வசனம் மாதிரி கேட்க ஆரம்பிக்கும். தத்துவம் உங்களை அங்கே கொண்டுபோனதா, அங்கே போன பிறகு தத்துவம் கிடைத்ததா என்று யோசித்துப் பாருங்கள். எனக்கு இரண்டாவதுதான் என்று தோன்றுகிறது.

ஒரு விஷயத்தைச் சுற்றி வளைக்காமல் சொல்ல வேண்டும். சுற்றியிருப்பதெல்லாம் நாடகம் மாதிரி, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடப்பது மாதிரி நாள்கணக்கில் தோன்றுவது மருத்துவத்தில் நன்றாகத் தெரிந்த ஒன்று. தூக்கமின்மை, பதற்றம், கஞ்சா, மனச்சோர்வு இவற்றோடு வரும். பைத்தியம் என்று அர்த்தமில்லை, வைத்தியம் உண்டு. 14416 என்ற டெலி மானஸ், அதாவது அரசின் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. உயிரோடு இருந்து என்ன என்கிற நினைப்பு எப்போதாவது எட்டிப் பார்த்தால் இதை முழுக்கப் படிக்க வேண்டாம், உடனே கூப்பிடுங்கள். பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மையம் உங்கள் ரூமிலிருந்து ஒரு பஸ் தூரம்தான். அங்கே சேர்க்கும்போது நோயாளியோடு வீட்டு ஆள் ஒருவரும் கூடவே தங்க வேண்டும் என்று வெகுகாலமாக வைத்திருக்கிறார்கள், தனியாக விட்டுவிட்டுப் போக முடியாது. எனக்கு அந்த ஏற்பாடு மேல் பெரிய மரியாதை.

அது இல்லை, வெறும் தனிமைதான் என்றால்: 'வெளியே போ, நாலு பேரோடு பழகு' என்று சொன்னால் போதாது. தனிமையைக் குறைக்கும் முயற்சிகளை ஒப்பிட்டு 2011இல் வந்த ஒரு தொகுப்பாய்வு, கூட்டத்தில் கொண்டுபோய் விடுவதைவிட, மற்றவர்களைப் பற்றி மனது செய்யும் தப்புக் கணக்கைத் திருத்துவதே அதிகம் பலன் தந்தது என்கிறது. அந்தக் கணக்கு எவ்வளவு தப்பு என்பதற்கு 2014இல் சிகாகோ ரயில்களில் செய்து பார்த்தார்கள். பக்கத்தில் இருப்பவரோடு பேசினால் பயணம் கசக்கும் என்று ஜனங்கள் நினைத்தார்கள், பேச வைத்தவர்களுக்கோ பயணம் இனித்தது. இதற்கு சிகாகோ வரை போயிருக்க வேண்டாம், காட்பாடியில் காலையில் ஏலகிரி எக்ஸ்பிரஸில் ஏறி சீசன் டிக்கெட்காரர்கள் நடுவே உட்கார்ந்தால் போதும். முதல் நாள் முறைப்பார்கள், மூன்றாம் நாள் இட்லி பொட்டலம் நீளும்.

உங்களுக்கு அவ்வளவுகூட வேண்டாம். ஒன்றே ஒன்று. மெஸ் அம்மா பற்றி எழுதியிருந்தீர்கள், எத்தனை மாதமாக அங்கே சாப்பிடுகிறீர்கள் என்றும் எழுதியிருந்தீர்கள், பதினான்கு. அவர்கள் பெயரை எழுதவில்லை. மறந்திருக்கலாம், எழுத வேண்டாம் என்று நினைத்திருக்கலாம், ஆனால் எனக்கென்னவோ உங்களுக்குத் தெரியாது என்றுதான் படுகிறது. உங்கள் மனது உண்டாக்கின ஆள் என்றால் பெயர் உங்களுக்குள்ளேயே இருக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு நன்றாக யோசித்து ஒரு பெயரை ஒரு சீட்டில் எழுதி சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். நாளை மத்தியானம் சாதம் போடும்போது 'உங்க பேரு என்னம்மா' என்று கேளுங்கள்.

சீட்டில் என்ன இருந்தது, அவர்கள் என்ன சொன்னார்கள், இரண்டையும் எழுதுங்கள். பார்க்கிறேன்.